முப்பதாவது பிள்ளை

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊர்ப் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கிளம்பி வந்து 'அப்பிடி ஒண்ணும் நடக்கல்லியே' என்பார்கள். அந்த வழக்கையெல்லாம் பேச எனக்கு இனிமேல் தெம்பில்லை. நாகர்கோவிலில் பஸ் ஏறி, இறங்கி, வயல் வரப்பில் ஒரு மைல் நடந்தால் வருகிற சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கூடம். அஞ்சு வகுப்பு, ஒரே ஓட்டுக் கட்டடம். அவர் ஹெட்மாஸ்டர், நான் அவருக்குக் கீழே இருந்த ஒரே டீச்சர். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, நாங்கள் மதராஸோடு சேருவோமா மாட்டோமா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம்.

ஊரில் அவருக்குப் பிள்ளைபிடிச் சாரு என்று பெயர். சோறு உண்ண அடம்பிடிக்கிற குழந்தையிடம் தாய்மார் 'சாரு வாறாரு' என்பார்கள். குழந்தை அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்துவிடும். அவருக்கு அந்தப் பெயர் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. கோபப்பட அவருக்கு நேரம் ஏது?

நான் வேலையில் சேர்ந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் ஒருவருமே இல்லை. பத்து வயசிருக்கும், ஒல்லியாக உயரமாக ஒரு பெண், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் எங்கே என்று கேட்டேன். அப்பா பிள்ளை பிடிக்கப் போயிருக்காங்க என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள். அரைமணி கழித்து அவர் வரப்பில் வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல், செருப்பு கையில், குடை கக்கத்தில், தோளில் அழுகிற ஒரு பையன், பின்னால் மூக்கொழுகிக்கொண்டு இன்னொருத்தன். இரண்டையும் பெஞ்சில் இறக்கினார். என்னைப் பார்த்து ஒரு வணக்கம் கிடையாது, எந்த ஊர் என்ற விசாரிப்பு கிடையாது. தாடையை ஆட்டி ஆட்டித் தலைகளை எண்ணினார். இருபத்தெட்டு என்றார். 'டீச்சர் பாடத்தத் தொடங்குங்க, நான் இப்ப வந்திருவேன்' என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரப்பில் இறங்கிப் போய்விட்டார். உச்சிவேளை வரைக்கும் அஞ்சு வகுப்பையும் நான் ஒருத்தியாக மேய்த்தேன். இதென்ன எளவு வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டோம் என்று எனக்கு அழுகையே வந்தது.

அவர் ஏன் அப்படி அலைந்தார் என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சர்க்காரின் கணக்கு இதுதான்: முப்பது பிள்ளை இருந்தால் இரண்டு டீச்சர். ஒன்று குறைந்தாலும் ஒருவருக்குத்தான் வேலை. இரண்டாவது ஆள் மூட்டை கட்ட வேண்டும். இருபதுக்குக் கீழே போனால் பள்ளிக்கூடத்தையே பூட்டி, ஆற்றுக்கு அப்பால் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள். எங்களிடம் இருந்தது சரியாக முப்பது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதில் முப்பதாவது அவருடைய சொந்த மகள். அன்றைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாளே, அவள்தான்.

மற்ற இருபத்தொன்பதும் மூன்று இடத்திலிருந்து வந்தன. கோயில் தெருவில் வயல் வைத்திருக்கிற வீடுகள். அங்கே கையில் நாலு காசு உள்ளவர்கள் பிள்ளைகளை நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட, மிச்சம் கொஞ்சம் எங்களுக்கு. தோப்போரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அய்யாவழி மார்க்கத்துக்காரர் வீடும் அவர் தம்பி வீடும். அந்தப் பிள்ளைகள் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு காலையில் முதல் ஆளாக வந்து நிற்கும். பாதிக்கு மேல் கால்வாய்க்கு அக்கரையில் இருந்த வயல்வேலைக்காரர்களின் பிள்ளைகள். தோளில் ஏறி வருகிறவை பெரும்பாலும் இவைதான். பக்கத்து ஊர்களில் இல்லாத பிள்ளைக்கும் ஆஜர் போட்டுக் கணக்கு காட்டுகிற ஹெட்மாஸ்டர்கள் இருந்தார்கள். இவர் அதைச் செய்ய மாட்டார். பேர் இருந்தால் போதாது, ஆள் இருக்க வேண்டும் என்பார். இந்த யோக்கியதைதான் எங்கள் உயிரை வாங்கியது.

எருமை மேய்க்கப் போக வேண்டும், வர முடியாது என்று ஒரு பையன் சொன்னால், எருமையையும் கூட்டிக்கொண்டு வா என்பார். பள்ளிக்கூட முற்றத்துப் பூவரச மரத்தில் எப்போதும் இரண்டு எருமை கட்டியிருக்கும். புல்லை அவரே அறுத்துப் போடுவார். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று ஒரு பெண்பிள்ளை நின்றுவிட்டால், குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்வார். உத்தரத்தில் பழைய சேலையால் தொட்டில் கட்டினோம். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்டியிருக்கிறேன். கிளி விரட்ட ஆள் வேண்டும் என்று ஒரு வீட்டில் பையனை நிறுத்திக்கொண்டபோது, அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டு இவர் வயலில் நின்று தகரத்தைத் தட்டினார். அன்றைக்கு அவர் பார்க்கிற ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என் தலையில். வயலிலிருந்து கேட்கிற தகரச் சத்தத்தை வைத்து, சரி, மனுஷன் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

ஒரு இடத்தில் அவரால் நிற்க முடியாது. பாடம் நடத்தும்போதும் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். வரப்பில் ஒரு சின்னத் தலை தெரிந்தால் பாட்டின் பாதியில் இறங்கி ஓடிவிடுவார். மீதிப் பாட்டைக் குழந்தைகளே கத்தி முடிக்கும். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரித் தவிப்பை வெப்ராளம் என்பார்கள். அவருக்கு அது இருபத்துநாலு மணி நேரமும் இருந்தது. ஒரே வருஷத்தில் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் பக்கத்து வடசேரிச் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிற குழந்தைக்கு எத்தனை வயசிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அம்மா என் கையைத் தட்டி, உனக்கென்னட்டி கோட்டி பிடிச்சிருக்கா என்றாள்.

கல்யாண வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க மாட்டார், பந்தியில் எத்தனை குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார். மாப்பிள்ளையின் தோளில் தட்டி, சீக்கிரம் பார்த்துச் செய்யும், பெஞ்சு காத்துக்கிடக்குது என்பார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. எந்த மாசம் பிறந்திருக்கிறது, எந்த வருஷம் சேர்க்கலாம் என்று விரல் மடக்குவார். தெருவில் ஒரு கிழவி, பச்சை உடம்புக்காரி படுத்திருக்கிற வீட்டில் இவருக்கு என்ன சோலி என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். மதராஸோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போகிறவர்கள் ஒருநாள் எங்கள் பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் குடிக்க நின்றார்கள். அவர்களிடம் இவர் கேட்டது ஒன்றுதான்: அங்கே எத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர்? யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் என்ன ஊர்வலம் போறீங்க என்று கேட்டார்.

சிரிக்க முடியாத நாளும் இருந்தது. கால்வாய்க்கு அக்கரையில் ஒரு சின்னப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டாம் வகுப்பு. அடக்கத்துக்குப் போய்விட்டு நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அவர் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று நின்று, 'இருபத்தொம்பது' என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். மனுஷனா இவர் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு நாள் அவர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. அதைப் பார்த்தும் என் வெறுப்பு முழுசாக அடங்கவில்லை. அந்த வாரமே கடைக்காரரின் தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் எதிர்க்காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூடத்து வயசு என்று அர்த்தம். அந்தப் பொடியனுக்கு எட்டவில்லை. இவர் அவன் தலையைப் பைய ஒரு பக்கமாகச் சாய்த்தார்; எட்டிவிட்டது. மறுபடியும் முப்பது.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெஞ்சுகளில் உட்காருவதற்கு ஒரு முறை இருந்தது. தெருப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம், அக்கரைப் பிள்ளைகள் சுவர்ப் பக்கம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாறினால் தெருவிலிருந்து ஆள் வந்துவிடும். ஒரு பெஞ்சில் மட்டும் இடம் போதாமல் இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது. அந்த இடத்தில் சாரு தன் மகளை உட்கார வைத்திருந்தார். அவர் தெருவுக்கு உறவு, அதனால் இந்தப் பக்கம் யாரும் முகம் சுளிக்க முடியாது. அவர் மகள் அந்தப் பக்கம் ஒட்டி உட்காருவதை யாரும் கேட்கவும் முடியாது. இரண்டு ஊருக்கு நடுவே வரப்பு மாதிரி அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. அவளும் முணுமுணுத்ததில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சிலேட்டுத் துடைத்துக் கொடுப்பாள்.

நான் சேர்ந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருஷமும் ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பு என் பொறுப்பு, அவள் தேறியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டதற்கு, பஸ்ஸில் ஒற்றைக்குப் போகிற வயசு காணாது, ஒரு வருஷம் இருக்கட்டும் என்றார். பெற்ற தகப்பன் சொல்கிறார், நான் யார் நடுவில் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வருஷமும் அவள் அதே பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் மேஜையில் இடித்தது. நான் பாடத்தில் ஒரு வரி வாசித்தால் அடுத்த வரியை அவள் உதடு சொல்லிக்கொண்டிருக்கும். அவளுக்குப் பின்னால் சேர்ந்த கடைக்காரர் மகள் நாகர்கோவில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய், சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் முற்றம் வழியாக நடந்து வீட்டுக்குப் போவாள். அந்த நேரத்தில் இவள் பெருக்குகிற சாக்கில் வாசலுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் என்னிடம், ஆறாம் கிளாசில் என்னவெல்லாம் பாடம் உண்டு டீச்சர் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அவர் வேறு பிள்ளை தேடாமல் இல்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். அறுப்பு முடிந்த வயல்களில் தாரா வாத்துகளை மேய்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் குடும்பத்தோடு வருவார்கள். அவர்களிடம் போய்க் கெஞ்சி ஒரு பையனைச் சேர்த்தார். முப்பத்தொன்று ஆயிற்று. சாருக்கு அன்றைக்கு முகம் நிறையச் சிரிப்பு. மகளிடம், அடுத்த வருஷம் உன்னை நாகர்கோவிலுக்கு அனுப்பிருவேன் என்று சொல்லியும்விட்டார். அவள் அதை என்னிடம் வந்து சொன்னாள். பத்து பதினைந்து நாளில் வயலில் நெல்மணி தீர்ந்தது. தாராக்கூட்டம் கிளம்பிவிட்டது, பையனும்தான். அவள் வழக்கம்போல இரண்டு பக்கத்துச் சிலேட்டையும் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் மனசு கொதித்தது.

மாசி மாதம், கும்பப்பூ அறுப்பு, வருஷத்தின் இரண்டாம் போகம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எமகண்டம் அதுதான். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கிற கதிரைப் பொறுக்க அக்கரைப் பிள்ளைகள் அத்தனையும் போய்விடும். பொறுக்கினது அவர்களுக்கே சொந்தம், ஒரு வீட்டுக்குப் பல நாள் கஞ்சி. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தார். புதியவர். நுழைந்ததும் முற்றத்து எருமையைப் பார்த்தார், உத்தரத்துத் தொட்டிலைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்தார். மிச்சம் எங்கே என்று கேட்டார். வேலை போனது என்று நினைத்தேன். சாரு பதறவில்லை. இன்றைக்கு வகுப்பு களத்தில் நடக்கிறது, வாருங்கள் என்று குடையை விரித்து இன்ஸ்பெக்டர் தலைக்குப் பிடித்து வரப்பில் நடத்திக்கொண்டு போனார். பெஞ்சில் இருந்த பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், களத்தில் வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. வைக்கோல் போர் நிழலில் பிள்ளைகள் மடியில் கதிரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் மகள் நடுவில் நின்று மண்ணில் குச்சியால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். காலையிலேயே சாரு அவளை அங்கே அனுப்பியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். முப்பது. அவருக்கு ஆச்சரியம், கொஞ்சம் சந்தோஷம்கூட. கடைசியாக அந்தப் பெண்ணிடம் எந்த வகுப்பு என்று கேட்டார். ஐந்து என்றாள். அவள் உயரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஐந்தாம் வகுப்பில் எத்தனையாவது வருஷம் என்று கேட்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசந்தான் சார்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் போய்விட்டார். சாயங்காலம் பிள்ளைகளெல்லாம் போன பிறகு நான் பள்ளிக்கூடத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். இல்லாத பிள்ளைக்கு ஆஜர் போட மாட்டேன் என்கிற யோக்கியர், பெற்ற மகளைப் பொய் சொல்ல வைத்துவிட்டாரே என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கும் சுவருக்குமாக நடந்தார். வயசு காணாது, பஸ்ஸில் கூட்டம், துணை இல்லை என்று பழைய பல்லவியைத் தொடங்கினார். கடைக்காரர் மகளுக்கு இவளைவிட வயசு குறைவு என்றேன். நின்றார்.

"அவ போனா இருபத்தொம்பது. நீங்க போகணும் டீச்சர். நீங்க போனா அஞ்சு கிளாசையும் விட்டுட்டுக் காலையில பிள்ளையளத் தேடி நான் எப்பிடிப் போக? ஒரு கும்பப்பூ கழிஞ்சா இருபதுகூட நிக்காது. பூட்டிருவான். தெருப் பிள்ளையோ நாகர்கோவிலுக்குப் போயிரும். கடைக்காரர் பிள்ளையோ எங்க போயும் படிச்சுக்கிடும். அக்கரைப் பிள்ளையோ எங்க போகும்? ஆத்தத் தாண்டி யாரு அனுப்புவா? வயலுக்குத்தான் போகும்."

"அதுக்கு உங்க பிள்ளைதான் கெடைச்சாளா?"

"வேற யாரு பிள்ளைய நான் அப்பிடி நிறுத்தி வைக்க முடியும்? என் பிள்ளையத்தான் முடியும்."

இத்தனை வருஷமாக அந்தப் பதிலை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் களத்தில் அந்தக் குழந்தை அப்பாவைப் பார்த்த பார்வையும் பொய்யில்லையே. அவர் மனைவி ஒருநாள் என்னிடம், நான் பெற்றது எனக்கா, பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அன்று இரவு வடசேரி வீட்டில் எனக்கு உறக்கம் இல்லை. இந்த ஊரில் இரண்டாவது டீச்சர் இருக்கிறவரைக்கும் முப்பது வேண்டும், முப்பது வேண்டுமென்றால் அவள் வேண்டும். அவள் தலையில் உட்கார்ந்துகொண்டிருப்பது நான்தான்.

மாற்றலுக்கு எழுதிப் போட்டேன். காப்பாற்ற இரண்டாவது டீச்சரே இல்லை என்றால் அவளை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். தியாகம் அது இது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்த ஊரில் கால் தரிக்கவில்லை, அந்த மனுஷனின் வெப்ராளத்தோடு இன்னொரு வருஷம் ஓட என்னால் முடியாது, அதுவும் சேர்ந்ததுதான். கடியப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது. அங்கே ஒரு பெஞ்சுக்கு ஏழு பிள்ளை. கடல்காற்றுக்கு வாயைத் திறந்தால் மணல். வெயில்காலத்து விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தை அடைக்கிற அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை. நன்றாகக் கோபித்தார். ஆற்றின் நடுவில் கொண்டுபோய் இறக்கி விடுகிறீர்கள் டீச்சர் என்றார். அதற்குப் பிறகு அன்று சாயங்காலம் வாசல் கதவை அடைத்துச் சாவியை எடுக்கிறவரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சர்க்கார் பள்ளிக்கூடத்தைப் பூட்டவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்கு அதிலேயே மனசு நிற்கும். ஒற்றை ஆளானதும் அவர் ஒரு வேலை செய்தாராம். வகுப்பை விட்டுப் போக முடியாதே, அதனால் வகுப்பையே கூட்டிக்கொண்டு போனார். காலையில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு புறப்பட்டு, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தெரு வழியாக, கால்வாய் தாண்டி, வீடு வீடாகப் பொறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து சேருவாராம். அவர் மகள் எழுந்து போன இடத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் நெருங்கி உட்கார்ந்துவிட்டன. தெருவிலிருந்து ஒருத்தர் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். கடைக்காரர்தான் பிறகு ஒருநாள் நாகர்கோவிலில் பார்த்தபோது சொன்னார். இதற்காகவா மூன்று வருஷம் அந்தப் பிள்ளையை நட்டு வைத்தார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவருக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்திருக்குமா என்ன?

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், மழை பிடித்துக்கொண்டது. என் காகிதங்களை வாங்க அந்த ஊருக்குக் கடைசியாகப் போனேன். திரும்பும்போது மகளை நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னோடு அனுப்புவதாக அவர் மனைவி சொல்லியிருந்தாள். அவர், மகள், நான் மூன்று பேரும் வரப்பில் நடந்து ரோட்டுக்கு வந்தோம். அவள் புதுப் பாவாடை போட்டிருந்தாள். அவர் எங்களுக்கு முன்னால் போவதும், பிறகு நின்று சேர்ந்துகொள்வதுமாக வந்தார். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது குடையை மடக்கினார், விரித்தார். அப்புறம் என் பக்கமாக வந்து, அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், இவளுக்குப் படிப்பு வருமா? அங்க எல்லாம் கெட்டிப் பிள்ளையளா இருக்குமே."

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், விளையாட்டில்லை. கால்வாய்க்கு அக்கரையில் எந்தப் பிள்ளைக்குக் கழித்தல் வராது, எந்தப் பிள்ளை 'ழ'வை நன்றாகச் சொல்லும் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷன். சொந்த மகளுக்குப் படிப்பு வருமா என்று என்னிடம் கேட்கிறார். எனக்குக் கோபம் வந்தது. நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன்.

அவர் அவளுக்கு எதிரே போய் நின்றார். கேட்பதற்கு வெட்கப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பதினேழு பதினாறு எவ்வளவு மக்கா என்றார். அவர் வாயை மூடுமுன் இருநூற்றி எழுபத்திரண்டு என்றாள். அவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்; சரியாக இருந்தது. பின்னக் கணக்கு ஒன்று கேட்டார், பெரிது. அதையும் சொன்னாள். இந்தியாவின் ஆறுகளைக் கேட்டார். வடக்கிலிருந்து தெற்கே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து எங்கள் ஊர்ப் பழையாற்றில் நிறுத்தினாள். இங்கிலீஷ் எழுத்து தெரியுமா என்றார். எழுத்து மட்டுமல்ல, வாசிக்கவும் வரும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அந்த மலர்ச்சியை என்னால் பார்க்க முடியவில்லை.

"இதெல்லாம் எப்பம் மக்கா படிச்சே?"

அவள் யோசிக்கவே இல்லை. குறையாகவும் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"நீங்க பிள்ளையளத் தேடிப் போனப் பொறவு அப்பா."

பஸ் வந்துவிட்டது. நான் அவளை முன்னால் ஏற்றிவிட்டு ஏறினேன். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். கண்டக்டர் மணியடித்தான். மழை பலமாக விழத் தொடங்கியது. அவர் கையில் குடை மடக்கியபடியே இருந்தது. வரப்பில் அக்கரைப் பையன் ஒருத்தன் எருமையை ஓட்டிக்கொண்டு அவர் கண்ணுக்கு முன்னாலேயே போனான். அவர் அவனைப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் அப்படியே நனைந்துகொண்டு நின்றார். வளைவு வரும்வரைக்கும் நான் திரும்பிப் பார்த்தேன், அவர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.